மலையில் ஓடும் பழைய வண்டிகள்: காப்பதா, மாற்றுவதா?



தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் சாலையில் கேமரன் மலைக்கு வருவோர் முதலில் அடையும் ஊர் ரிங்லெட். அதன் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சியை நாம் காணலாம். முட்டைக்கோஸ் கூடைகளையோ உர மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு, சப்பையான முகமும் நேர்கோட்டு உடலும் கொண்ட பழைய வண்டி ஒன்று உறுமிக்கொண்டே ஏறும். அதன் வயது ஓட்டுகிறவரின் வயதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதுதான் லேண்ட் ரோவர். பழைய லேண்ட் ரோவர்கள் இவ்வளவு திரளாக வேலை செய்யும் இடம் அரிது என்று கேமரன் மலைக்கு உலகெங்கும் உள்ள வண்டிப் பிரியர்களிடையே ஒரு பெயர் உண்டு.

இந்த வண்டிகளை முதலில் இருந்தபடியே காப்பதா, விலைக்காக மாற்றி அமைப்பதா என்ற கேள்வியை இன்று ஆராய்வோம். இது பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். பழைய வண்டி ஒன்றை வீட்டோரத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் வாசலுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் தமது பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதானால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற எண்ணத்திலிருந்தே லேண்ட் ரோவர் உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. எஃகு கிடைக்காததால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வளைந்த அழகுகளுக்கு அச்சு செய்யச் செலவாகும் என்பதால் தட்டையான தகடுகளே போதும் என்று விட்டார்கள். கதவு, கூரை, முன் கண்ணாடி எல்லாவற்றையும் திருகாணியால் பூட்டினார்கள். பட்டறை இல்லாத பண்ணையிலும் ஒரு திருகுச்சாவியைக் கொண்டு பிரித்துப் பூட்ட முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

மலாயாவுக்கு இந்த வண்டி ஏற்ற காலத்தில் வந்தது. 1948 முதல் 1960 வரை இங்கு அவசரகாலம். படையினரும் தோட்ட நிர்வாகிகளும் அதைப் பயன்படுத்தினார்கள். கேமரன் மலையில் தேயிலைப் பயிர் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் ரிங்லெட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. கொய்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். கசங்கியும் சூடேறியும் போனால் தேயிலையின் தரம் கெட்டுவிடும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலையில், சேறும் சரிவுமான தோட்டப் பாதைகளில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகளும் காய்கறித் தோட்டக்காரர்களின் கைக்கு வந்தன.

வண்டியை அடையாளம் காண்பது எப்படி? 1948 முதல் 1958 வரை வந்தவை முதல் வரிசை. அவற்றின் பக்கங்கள் தட்டையாக இருக்கும். 1958-இல் வந்த இரண்டாம் வரிசையில் இடுப்புப் பகுதியில் ஒரு வளைவு உண்டு. 1960-களின் கடைசியில் முகவிளக்குகள் நடுவிலிருந்து இரு பக்கத் தகடுகளுக்கு மாறின. 1971-இல் வந்த மூன்றாம் வரிசைக்குப் பிளாஸ்டிக் முகப்பு. அது 1985 வரை நீடித்தது. 1983-இலிருந்து பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில் பூட்டிய வண்டிகள் வரத் தொடங்கின. அவற்றுக்குப் பின்னாளில் டிஃபெண்டர் என்று பெயரிட்டார்கள். அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

வேலை வண்டியாக இருந்த பொருள் அதற்குப்பின் விலைமதிப்புள்ள பழம்பொருளாக மாறத் தொடங்கியது. அதே 2016-இல் அந்த நிறுவனமே முதல் வரிசை வண்டிகளில் 25-ஐத் தேர்ந்து, முதலில் இருந்தபடியே புதுப்பித்து விற்க முன்வந்தது. ஒரு வண்டியின் விலை 60,000 பவுண்டுக்கு மேல். அமெரிக்காவிலோ 25 ஆண்டு நிறைந்த வண்டிகளைப் புதிய வண்டிக்கான பாதுகாப்பு விதிகள் இல்லாமலே இறக்குமதி செய்யலாம். ஆகவே பழைய லேண்ட் ரோவரை வாங்கி, பெரிய எஞ்சினும் தோல் இருக்கையும் குளிர்சாதனமும் பூட்டி, 100,000 டாலருக்கு மேல் விற்கும் தொழில் அங்கே வளர்ந்திருக்கிறது.

இந்தச் செய்தி மலைக்கு எட்டாமல் இருக்குமா? பணி ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரின் வீட்டை நினைத்துப் பார்ப்போம். தகரக் கொட்டகையில் வண்டி நிற்கிறது. கீழ்நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார். "அண்ணே, துருப்பிடித்துக் கிடக்கும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கையோடு பணம் தருகிறேன்" என்கிறார். பிள்ளையின் படிப்புச் செலவு கண்முன் நிற்கிறது. இந்நிலையில், "வரலாற்றைக் காப்பாற்றுங்கள், விற்காதீர்கள்" என்று நாம் வானொலியில் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகுமா?

ஆகாது. ஆகவே வேறு வழியில் சிந்திப்போம். உண்மையில், மலையில் ஓடும் எந்த வண்டிதான் முதலில் இருந்தபடி இருக்கிறது? பெட்ரோல் எஞ்சின் தேய்ந்தபோது ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டினார்கள். பின்தட்டு அழுகியபோது பலகை அடித்தார்கள். இவையெல்லாம் குற்றங்களா? இல்லை. இந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் வண்டி என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இந்தியாவின் டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சங் என்ற சிற்றூரிலும் இதையே காண்கிறோம். 1950-களின் லேண்ட் ரோவர்கள் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பு சிகரத்துக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று வருகின்றன. அவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது இந்திய டீசல் எஞ்சின். அந்த மாற்றத்தால்தான் அந்த வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றை நம்பிய குடும்பங்களும் பிழைக்கின்றன.

பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு. 30 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும், சரியான பழைய நிலையில் பேணப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது என்று அது வரலாற்று வண்டிக்கு இலக்கணம் சொல்கிறது. இந்த இலக்கணப்படி, இன்று காலை முட்டைக்கோஸ் ஏற்றிச் சென்ற நம் வண்டி வரலாற்று வண்டியே ஆகாது! ஆனால் அதே கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் நமக்குப் பயன்படும் ஒரு கொள்கையைத் தருகிறது. மாற்றம் செய்ய நேர்ந்தால், பின்னால் திரும்பப் பெறக்கூடிய வகையில் செய்யுங்கள்; கழற்றிய பாகங்களை வண்டியோடு வைத்திருங்கள் என்பதே அது.

நாம் பற்றிக்கொள்ள வேண்டிய கருத்து இதுதான். வண்டியை மாற்றலாமா கூடாதா என்பதைவிட, செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்பதே பொருத்தம். திருகாணியால் பூட்டிய எஞ்சினைக் கழற்றிவிடலாம். அறுத்து எறிந்த அடிச்சட்டத்தை எப்படி மீட்பது? பிரிட்டனில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒரு கணக்கு இதை நன்கு விளக்கும். மிகவும் மாற்றி அமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளிகள் பெற வேண்டும். அதில் அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி. வில் அமைப்பு, அச்சுகள், பல்சக்கரப் பெட்டி, திருப்பு அமைப்பு ஆகியவற்றுக்கு தலா 2 புள்ளி. எஞ்சினுக்கு எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. மலைத் தோட்டக்காரர் எஞ்சினை மாற்றி, சட்டத்தைக் காத்து வந்தாரே, அவர் அறியாமலே வண்டியின் பெரும்பகுதியைக் காத்திருக்கிறார்.

விலைக்காகச் செய்யும் மாற்றங்களில் சில இதற்கு நேர்மாறானவை. சட்டத்தை நீட்டியும் குறுக்கியும் அறுக்கிறார்கள். இரண்டு மூன்று வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்குகிறார்கள். எண் தகடு ஒன்றினுடையது, உடல் வேறொன்றினுடையது. தோட்டத்தின் பெயர் எழுதிய கதவைச் சுரண்டிப் பளபளப்பாக்குகிறார்கள். அந்த எழுத்தோடு, அந்த வண்டி எந்தத் தோட்டத்தில் உழைத்தது என்ற சாட்சியும் போய்விடுகிறது. நம் முன்னோர் கொய்த கொழுந்து மலையிறங்கிய கதைக்குச் சாட்சியாக எஞ்சிய பொருள்கள் மிகச் சில என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதில் உயிர் பற்றிய செய்தியும் ஒன்று உண்டு. பழைய வண்டியின் தடைகள் அன்றைய எஞ்சினின் வேகத்துக்கு அளவாகச் செய்யப்பட்டவை. வலிமை மிகுந்த எஞ்சினைப் பூட்டிவிட்டுத் தடையை அப்படியே விட்டால், பயணிகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது என்ன ஆகும்? எனவே எஞ்சினை மாற்றுகிறவர் தடையையும் கவனிக்க வேண்டும். எஞ்சினை மாற்றிய செய்தியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்து, முறைப்படி பரிசோதனையும் அனுமதியும் பெற வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்தைப் பழமையின் பெயரால் யாரும் தடுக்கக் கூடாது.

அப்படியானால், வண்டி வைத்திருப்போர் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, துருவைத் தடுப்பது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். அடிச்சட்டமோ உள்ளே கூடான பெட்டி போன்றது. அதற்குள் சேறு புகுந்து தங்கினால் உள்ளிருந்தே துரு தின்னும். உர உப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் தின்னும். வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும், சட்டத்தின் வடிகால் துளைகளை அடைபடாமல் வைப்பதும் பெருஞ்செலவில்லாத பாதுகாப்பு.

இரண்டாவது, கழற்றியதைக் காப்பது. பழைய எஞ்சினையும் பழைய விளக்கையும் எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, எதிலிருந்து எடுத்தது என்று ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள். இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, எழுதி வைப்பது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். சட்டத்தின் எண், எஞ்சின் எண், எந்த ஆண்டு யாரிடமிருந்து வாங்கியது, எதை எப்போது மாற்றியது, யார் ஓட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஓட்டிய பெரியவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.

நான்காவது, விற்க நேர்ந்தால் அறிந்து விற்பது. முதலில் வந்தவரின் முதல் விலைக்குத் தலையாட்டாமல், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். நோட்டும் பழைய பாகங்களும் கூட இருக்கும் வண்டிக்கு நல்ல விலை கேட்க இடமுண்டு. காப்பதும் இலாபமும் எப்போதும் பகையல்ல என்பதை இங்கே காண்கிறோம். மாற்றியதை மாற்றவில்லை என்று சொல்லி விற்பது மட்டும் நமக்கு வேண்டாம்.

ஐந்தாவது பொதுவான வேண்டுகோள். எல்லா வண்டியையும் எவராலும் காக்க முடியாது, காக்கவும் தேவையில்லை. தோட்டத்துக்கு ஒரு வண்டி, கீறலோடும் நசுங்கலோடும், கதவில் எழுதிய பெயரோடும், அப்படியே நிற்கட்டும். மற்றவை உழைக்கட்டும், உழைப்பதற்குத் தேவையான மாற்றத்தைப் பெறட்டும்.

நேயர்களே, வண்டி விற்ற பணம் ஒரு தேவையோடு தீர்ந்துபோகும். அந்தத் தேவை உண்மையானது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விற்கும் குடும்பமும் தன் வண்டியின் கதையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்குத் தேவை ஒரு நோட்டும், ஓய்வாக ஒரு மாலைப் பொழுதும்தான். இந்த வார ஓய்வு நாளில் கொட்டகைக்குப் போய், வண்டியின் எண்ணைத் துடைத்துப் பார்த்து எழுதுங்கள். தாத்தாவை அருகில் உட்கார வைத்து, இந்த வண்டி முதன்முதலில் எந்தப் பாதையில் ஏறியது என்று கேளுங்கள். மீதியை அவரே சொல்லுவார்.