மரத்தில் மீன் காய்க்கட்டும்!

(குழந்தை நூல்கள் பற்றிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

குழந்தைகளுக்கான படநூல்கள் பற்றிப் பேச வந்த நான், முதற்கண் என் குற்றமொன்றை இவ்வவைமுன் ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன். தொடக்கப்பள்ளி ஆசிரியனாய் நான் பணியேற்ற புதிது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மரம் வரையச் சொன்னேன். ஒரு சிறுமி, மரத்தில் மீன்கள் காய்த்துத் தொங்குவதாக வரைந்திருந்தாள். ‘மரத்தில் மீன் காய்க்குமா?’ என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்டுச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். அடுத்த கிழமை முதல் அவளும், கரும்பலகையில் நான் வரைந்த மாம்பழத்தையே வரையலானாள். 40 தாள்களிலும் 40 மாம்பழம். அத்தனையும் என் மாம்பழம்! அதனைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பதுதான் இன்றும் என்னைச் சுடுகின்றது.

12 ஆண்டுகள் கழித்து நூலகமொன்றில் ஒரு படநூலைப் புரட்டினேன். ‘பெர்டினாந்தின் கதை’ என்பது அதன் பெயர். மன்றோ இலீபு எழுத, இராபர்ட்டு இலாசன் படம் வரைய, 1936-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ஒரு தக்கைமரம். தக்கை என்பது அம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. இலாசனோ, புட்டியடைக்கும் தக்கைகள் கிளைகளில் கொத்துக்கொத்தாய்க் காய்த்துத் தொங்குவதாக வரைந்துள்ளார்! என் வகுப்புச் சிறுமி செய்ததும் அதுவே அன்றோ? அவர்க்குப் புகழ், அவளுக்குச் சிவப்புக் கோடு!

அந்நூலின் காளை ஏனைய காளைகளைப் போல் முட்டி மோதுவதில்லை. தக்கைமர நிழலில் அமர்ந்து பூக்களை முகர்வதே அதற்கு இன்பம். தன் கன்று தனித்திருப்பதைக் கண்டு தாய்ப்பசு கவலையுற்றது. அருகே சென்று கேட்டது. அதற்கு அதுவே மகிழ்ச்சி என்றறிந்து, அதன் போக்கிலேயே விட்டது. ஒருநாள் தேனீ கொட்டிய வலியால் அக்காளை துள்ளிக் குதிக்க, மாபெருஞ் சினக்காளை எனத் தவறாகக் கருதி, மாத்திரீது நகரின் காளைப்போர்க் களத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கும் அது போரிடவில்லை. பெண்டிர் கூந்தலில் சூடிய பூக்களின் மணத்தை நுகர்ந்தவாறு அமர்ந்துவிட்டது. வேறு வழியின்றி வீட்டிற்கே அனுப்பினர்.

இவ்வளவே கதை. ஆயினும், எசுப்பானியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட அதே 1936-இல் வெளிவந்த இந்நூலைப் பிராங்கோவின் ஆட்சி தடைசெய்தது; இட்லரின் செருமனியும் பொறுத்துக்கொள்ளவில்லை. படையும் சிறையும் உடைய வல்லாட்சியர், பூ முகரும் ஒரு காளைக்கு அஞ்சுவானேன்? எல்லாரும் முட்டும்போது ஒருவன் முட்டாமலும் இருக்கலாம் என்று குழந்தை அறிந்துவிட்டால், வளர்ந்தபின் அது வெறுங் கட்டளைக்கு அடங்காது. அதுவே கரணியம்.

மற்றொருவர் இலியோ இலியோனி. 1910-இல் ஆம்சுட்டர்டாமில் பிறந்து, 1939-இல் அமெரிக்கா சென்ற ஓவியர். பெயரக் குழந்தைகள் இருவருடன் தொடர்வண்டியில் சென்றபோது, அவர்களை அமைதிப்படுத்தக் கையிலிருந்த இதழின் வண்ணத்தாளைக் கிழித்துக் கதை சொன்னார். அதுவே 1959-இல் ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’ என்னும் நூலாயிற்று. முகமில்லை, கைகாலில்லை, கிழித்த துண்டுகளே கதைமாந்தர். நீலமும் மஞ்சளும் தழுவப் பச்சையாகின்றன. பெற்றோர்க்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தைக்கு இது உடனே விளங்குகின்றது. விளக்கம் கேட்பவர் நாம்தாம்.

1967-இல் அவர் இயற்றிய ‘பிரடெரிக்கு’ என்னும் நூலில், எலிகள் பனிக்காலத்திற்குக் கூலமும் கொட்டையும் சேர்க்கின்றன. ஓர் எலி மட்டும் கதிரொளியையும் நிறங்களையும் சொற்களையும் சேர்ப்பதாகக் கூறி வாளா அமர்ந்திருக்கின்றது. உணவு தீர்ந்து குளிர் வாட்டும் நாளில், அதன் சொற்களே மற்றவற்றின் உள்ளத்தைக் காக்கின்றன. இங்குக் கூடியுள்ள நம்மனோர்க்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை. சொல் திரட்டுவோரை வேலையற்றவர் என்று ஊர் நகைத்ததை நாமே பட்டறிந்துள்ளோம். அந்நகைப்பிற்கு வருந்திய நாம், நம் வீட்டுப் பிரடெரிக்கை எவ்வாறு நடத்துகின்றோம்?

‘ஒழுங்கு வேண்டாவா?’ என்பீர்கள். வேண்டும். ரகர றகர வேறுபாட்டைப் பிழையறக் கற்பித்தே ஆகவேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், எண்ணத்தைத் திருத்தாதீர்கள்.

பெற்றோரே! குழந்தை வரைந்ததைக் காட்டினால் ‘இது தவறு’ என்னாமல், ‘இதன் கதையைச் சொல்’ என்று கேளுங்கள். பழைய தாள்களைக் கிழித்து ஒட்டி வீட்டிலேயே படநூல் செய்யுங்கள். இலியோனிக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. எழுத்தாளர்களே! நல்ல தமிழில் எழுதுங்கள். ஆனால் கதையின் வாலில் அறவுரையைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

அச்சிறுமி இன்று ஒரு தாயாகியிருப்பாள். அவள் குழந்தையும் ஒருநாள் மீன்மரம் வரையக்கூடும். அன்று அவள் என்னைப்போல் கோடிடாமல், அந்தத் தாய்ப்பசுவைப்போல் அருகமர்ந்து கேட்பாளாக! மரத்தில் மீன் காய்க்கட்டும்!