கடலோரத் தோட்டத்திற்குச் சங்கங்குப்பி வேலி



கடலை அடுத்து வீடு கட்டிக் குடியேறியதும், கொல்லையில் நாம் முதலில் நடுவது கத்தரியும் மிளகாயும் வெண்டையுமே. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தவுடன் இலைகளின் விளிம்பு தீய்கிறது. எருக் குறைவோ என்று ஐயுற்று மேலும் எருவிடுகிறோம். குறை எருவில் இல்லை. அலை உடைகையில் எழும் நுண்ணிய திவலைகளைக் காற்று சுமந்து வந்து இலைமீது படியவிடுகிறது. நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்பு இலையைக் கருக்குகிறது.

ஆதலின் இத்தீவுகளில் முதற்கண் நடவேண்டியது காய்கறியன்று, வேலியே. அவ்வேலிக்கு நாம் பரிந்துரைப்பது சங்கங்குப்பி. பீச்சங்கு என்றால் தமிழ்நாட்டுக் கடலோரத்தார் பலருக்கு உடனே விளங்கும்.

அந்தமானில் இதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கண்டற்காட்டின் விளிம்பிலும் கடற்கரை மேட்டிலும் தானே வளர்கிறது. காய் நீரில் மிதக்குமாதலால் கடலே இதற்கு விதைப்பவன். ஆண்டு முழுவதும் பசுமை மாறாது; நீண்ட குழலுடைய வெண்மலரினின்று ஊதாநிற இழைகள் நீண்டு தோன்றும். இலை கசப்பாதலின் ஆடுமாடுகள் பொதுவாக வாய் வைப்பதில்லை.

மதில் எழுப்பினாற் போதாதோ என்பர் சிலர். மதிலின் மேலேறித் தாவும் காற்று மறுபுறம் சுழன்று இறங்கிச் செடிகளை அலைக்கும். தழைவேலியோ காற்றைச் சிறிது உட்புகவிட்டு, வேகத்தைத் தணித்து, உப்பைத் தன் இலைகளில் தாங்கிக் கொள்கிறது. ஐந்தடி உயர வேலியின் காப்பு ஏறத்தாழ ஐம்பதடி தூரம் வரை எட்டும்.

நடுவதற்கு ஏற்ற காலம் மழையின் தொடக்கம். பென்சிற் பருமனுள்ள, முற்றியும் முற்றாததுமான கொம்புகளை முக்காலடி நீளத்தில் நறுக்கி, பாதியளவு மண்ணுட்புக, ஓரடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை ஊன்றுக. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறுவரிசைக் கொம்பு நிற்கட்டும். வண்டூர் போன்ற மேற்குக் கரையூர்களில் தென்மேற்குக் காற்றையும், கிழக்குக் கரையில் நவம்பருக்குப் பின் வரும் வடகிழக்குக் காற்றையும் எதிர்நோக்கி வேலி அமைய வேண்டும். கடற்பக்கம் ஏற்கெனவே புதர் இருப்பின், காட்சிக்காக அதனை வெட்டிவிட்டுப் புதுவேலி வைப்பது பேதைமை.

வேலியால் ஆகாததும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் தென் அந்தமானில் நிலம் தாழ்ந்தது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயருக்கு அணித்தான சிப்பிகாட்டில் வயல்கள் நீருள் ஆழ்ந்தன. அவ்விடங்களைச் செடி நட்டு மீட்கலாம் என்று நாம் கூறவில்லை. அங்கே கரையும் மதகும் வேண்டும். நீர் வந்து வடிந்த நிலமாயின், வடிகாலைத் திறந்து வையுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை உப்பைக் கழுவிச் செல்லும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண்மேல் வெண்படலம் பூத்தால் உப்பு இன்னும் நீங்கவில்லை என்று அறிக. அத்தகைய விளிம்பிலும் சங்கங்குப்பி தழைக்கும்; கத்தரி தழையாது.

முதலாண்டில் நுனிகளை அடிக்கடி கிள்ளினால் அடிப்புறம் அடர்த்தியாகும். உயரட்டும் என்று விட்டுவிட்டால் மேலே தழைத்துக் கீழே வெறுங்காலாய் நிற்கும். கத்தரித்த கொம்புகளை எரித்துவிடாமல் அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். இரு வேலிகளுக்கிடையே சந்து இருப்பின் காற்று அவ்வழியே முன்னினும் விரைந்து நுழைந்து இருவர் கொல்லையையும் கருக்கும்.