இரத்தக்கழிச்சலும் கோழித் தீவனமும்

பல்லடம் வட்டாரத்திலோ கோயமுத்தூர்ப் பக்கத்திலோ கறிக்கோழிக் கொட்டகை ஒன்றை மாணவர்களாகிய நீங்கள் எட்டிப் பார்த்திருக்கக் கூடும். தரையெங்கும் நெல்லுமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பியிருக்கும். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அதன் மேலேயே உண்டு, உறங்கி, எச்சமிட்டு, ஏறக்குறைய ஆறு வாரத்தில் விற்பனைக்கு ஆயத்தமாகும். இரத்தக்கழிச்சல் நோய் வளர்வது இந்தக் கூளத்தில்தான்.

காக்ஸிடியோசிஸ் என்று நூல்கள் கூறும் இந்நோயை உண்டாக்குவது பாக்டீரியா அன்று, வைரஸும் அன்று. ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியே அதற்குக் காரணம். மலேரியாக் கிருமிக்கு அது தூரத்து உறவு. ஐமீரியா டெனெல்லா என்ற இனம் குருட்டுக்குடலைத் தாக்கும். எச்சத்தில் இரத்தம் காணும். ஐமீரியா அசர்வுலினாவோ சிறுகுடலின் முற்பகுதியில் அமர்ந்து, இரத்தம் காட்டாமலே, உண்ட தீவனத்தை உடலில் ஒட்டவிடாது செய்யும். கண்ணுக்குத் தெரியாத இந்த நட்டத்தையே பண்ணையாளர் அதிகம் அஞ்ச வேண்டும். எச்சத்தோடு வெளிவரும் நுண்கூடுகள், ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து நோய் பரப்பும். வழக்கமான கிருமிநாசினிகள் அக்கூட்டின் சுவரை ஊடுருவுவதில்லை. தண்ணீர் ஒழுகிக் கூளம் நனையும் இடத்தை உடனே கிளறி உலர்த்தச் சொல்வது இதனால்தான்.

கூளத்தை முற்றிலும் தூய்மையாக்க இயலாதாகையால், மருந்தைத் தீவனத்திலேயே கலக்கும் வழக்கம் பிறந்தது. 1939இல் அமெரிக்காவில் பி. பி. லெவின் என்பவர், சல்ஃபனிலமைடு இந்நோய்க்கு உதவும் எனக் காட்டினார். 1948இல் சல்ஃபாகுவினாக்சலின் தீவனத்தில் இடைவிடாது கலக்கப்படலாயிற்று. 1960இல் வந்த ஆம்புரோலியம், பி1 வைட்டமினைப் போன்ற வடிவுடையது. ஒட்டுண்ணி அதனை வைட்டமினென ஏற்று ஏமாறும். (அம்மருந்தோடு பி1 வைட்டமினையும் தாராளமாகக் கொடுப்பவர், மருந்தின் கையைத் தாமே கட்டிவிடுகிறார்!) 1971இல் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்த மோனென்சின், மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசஸ் என்னும் நுண்ணுயிர் தருவது. அது சோடிய அயனிகளை ஒட்டுண்ணிக்குள் சுமந்து சென்று சேர்க்க, நீர் புகுந்து அவ்வுயிர் வீங்கி அழியும். ஒரு டன் தீவனத்திற்கு 100 முதல் 120 கிராம் போதும். ஆனால் அத்தீவனத்தைக் குதிரை தின்றால் இறக்கவும் கூடும். தடுப்பு மருந்தும் 1952 முதல் உண்டு. அது தனிப் பேச்சுக்குரியது.

ஒரே மருந்தை நெடுங்காலம் கலந்தால், அதற்குத் தப்பிப் பிழைத்த ஒட்டுண்ணிகளின் சந்ததியே பெருகும். மருந்து பயனற்றுப் போகும். அதனால் மருந்துகளை மாற்றி மாற்றிக் கலக்கின்றனர். மூலிகைகளின் பக்கம் பார்வை திரும்பியதும் இதனால்தான். பூண்டு, மஞ்சள், ஓரிகானோ எண்ணெய், ஆர்ட்டிமிசியா அன்னுவா ஆகியவற்றைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கின்றனர். இவற்றுள் கடைசியாகச் சொன்ன செடியிலிருந்து மலேரியா மருந்து கண்டதற்காகவே, சீனத்து அம்மையார் தூ யூயூ 2015இல் நோபெல் பரிசு பெற்றார். இம்மூலிகைகளால் சில சோதனைகளில் நுண்கூடுகள் குறைந்தன; சிலவற்றில் குறையவில்லை. இதில் வியப்பில்லை. விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கு ஏற்ப இலையிலுள்ள மருந்துப் பொருளின் அளவு மாறுகிறது. ஆம்புரோலியத்தை எடைபோட்டுக் கலக்கலாம். இலைப்பொடியில் எதை எடைபோடுவது?

ஹாலோஃபியூஜினோன் என்னும் மருந்தின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. சீன வைத்தியர்கள் சாங்ஷான் என்று காய்ச்சலுக்குக் கொடுத்து வந்த செடியில் ஃபெப்ரிஃபியூஜின் என்ற பொருள் உள்ளது. வேதியியலார் அதன் அமைப்பைத் திருத்தி ஆக்கியதே இம்மருந்து. டன் தீவனத்திற்கு 3 கிராம் அளவில் இது கலக்கப்படுகிறது. இதை மூலிகை என்பதா, இரசாயனம் என்பதா?

ஆகவே புதிய மூலிகைப் பொடி ஒன்று வருமானால், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை நான்கு கூட்டமாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஒரு கூட்டத்திற்கு நோயே கொடுக்கலாகாது. மற்ற மூன்றுக்கும் ஒரே அளவில் நுண்கூடுகளைப் புகட்டி, ஒன்றுக்கு வெறுந்தீவனமும், ஒன்றுக்கு வழக்கமான மருந்தும், ஒன்றுக்குப் பொடியும் தர வேண்டும். ஆறாம் ஏழாம் நாளில் எடை பார்த்து, குடலைத் திறந்து, புண்ணுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். இம்முறையை 1970இல் ஜான்சனும் ரீடும் வகுத்தனர். கால்நடைக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் இதனைத் தம் கையாலேயே செய்து பார்க்கலாம்.