முதல் மழையும் மானினமும்

வன்னிக் காடுகளில் முன்னாளில் வேட்டையின் போக்கை மழையே வகுத்து வந்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை மழை அருகிய அந்நிலத்தில் சிறு குட்டைகள் வற்றிவிடும். அப்பொழுது புள்ளிமானும் மரையும் வற்றாத பெருங்குளங்களை நாடிவரும். நீர் ஒதுங்கிய அலைகரையில் தளிர்க்கும் புல்லும் அவற்றை இழுக்கும். வேட்டைக்காரன் காட்டை அளக்கவேண்டியதில்லை. தன் வாடை மானை எட்டாத பக்கம் பார்த்து, துவக்குடன் பதுங்கியிருந்தாற் போதும். விலங்கின் தாகத்தைத் தூண்டிலாக்கும் இம்முறையைக் கொலையென்பதே பொருந்தும்.

ஐப்பசியில் இடியுடன் மழை இறங்கியதும் நிலைமை மாறிவிடும். பள்ளந்தோறும் நீர் நிற்கும். வெளிதோறும் புல் முளைக்கும். குளக்கரையிற் குழுமிய மான்கள் காட்டினுட் பரவிவிடும். நேற்றுவரை சலசலத்த சருகு நனைந்து, மானின் நடையையும் மனிதனின் நடையையும் ஒருங்கே மறைக்கும். ஆயினும் ஈரமண் குளம்புச் சுவட்டைக் காட்டிக்கொடுக்கும். சுவட்டின் விளிம்பு கூராயிருக்கிறதா, மழைத்துளியாற் சிதைந்திருக்கிறதா என்று நோக்கியே, மான் சென்ற வேளையை அனுபவசாலிகள் கணித்தனர்.

1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இன்று மானையும் மரையையும் வேட்டையாடுதல் குற்றமாகும். எனினும் களவு வேட்டை ஒழிந்தபாடில்லை. பருவமழை பிந்தும் ஆண்டுகளில், காவலரின் கண் முதலிற் செல்லவேண்டிய இடம் வற்றாத குளங்களின் கரையே.