கேட்கும் செவி



ஆண்டவருடைய வேலையில் மூழ்கி ஆண்டவரையே மறந்துவிடுவது ஊழியருக்கு நேரும் பெரும் ஆபத்து. மார்த்தாளுக்கு நேர்ந்ததும் அதுவே: விருந்தைக் கவனித்தாள், விருந்தினர் சொல்லைக் கேட்கவில்லை.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு கேட்கும் செவியுடையவராய் விளங்கினார். ‘பரட்டை’ என்று அன்புடன் அழைக்கப்பெற்ற அவர், நம் மக்களின் பறையொலியையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதில் இறையாட்சியைக் கண்டார்.

படித்துப் பட்டம் பெற்று ஊர் திரும்பும் நீங்களும், போதிக்குமுன் கேளுங்கள். விடியலில் ஜெபத்திலும், பகலில் கூலிவேலை செய்யும் தாயின் சொல்லிலும் ஆண்டவர் பேசுகிறார். கேளாச் செவியோடு செய்வது வெறும் உத்தியோகம். கேட்டுச் செய்வதே ஊழியம்.