உழைத்த நேரமும் ஒரு நாணயமே
(ஜாசின் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பணம் என்றால் என்ன? சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவோம். அந்தக் காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? நம் முன்னோர் இதை வயிற்றால் கற்றவர்கள். 1942 முதல் ஜப்பானியர் இந்நாட்டில் வாழைமர நோட்டை அச்சடித்துக் குவித்தார்கள். 1945இல் அவர்கள் சரணடைந்ததும், திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அது செல்லாது என்று அறிவித்தது. கட்டுக் கட்டாகச் சேர்த்தவரும் வெறுங்கையரும் சமமானார்கள். மரவள்ளி நட்டுப் பிழைத்த கைகளின் மதிப்பு மட்டும் குறையவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தொழில் முதலாளிகள் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை, செய்த வேலைக்கு அடையாளமாகத் தமிழ்த் தொழிலாளரிடம் கொடுத்தார்கள். முதலாளி அடிக்கும் தனிக்காசு தொழிலாளிக்குக் கால்விலங்கு. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவது சம்பளத்துக்கு மாற்று அல்ல. சம்பளத்தில் ஒரு காசையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்!

கூட்டு நமக்குப் பழக்கமானது. பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி போட்டால், ஆளுக்கொரு மாதம் ஆயிரம் எடுக்கலாம். இதையே தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அது ஒருபுறமிருக்க, கூட்டில் சேரக் கையில் காசு வேண்டும். காசில்லாதவரிடம் இருப்பது என்ன? நேரம்!

1973இல் ஜப்பானின் ஒசாகா நகரில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி ஓர் உழைப்பு வங்கியைத் தொடங்கினார். ஒருவருக்கு உதவிய நேரம் கணக்கில் ஏறும்; தமக்குத் தேவைப்படும்போது அதே நேரத்தை மற்றொருவரிடம் உதவியாகப் பெறலாம். பின்னர் அமெரிக்காவில் எட்கர் கான் என்ற வழக்கறிஞர் இதைப் பரப்பினார். வக்கீலின் ஒரு மணியும் தோட்டக்காரரின் ஒரு மணியும் ஒன்றே என்பது இதன் அடிப்படை.

எல்லா இடத்திலும் இது வென்றதா? இல்லை. 1832இல் ராபர்ட் ஓவன் லண்டனில் உழைப்பு நேரச் சீட்டுகளைக் கொண்டு பண்டமாற்று நிலையம் திறந்தார். வேண்டாத சரக்குகள் தேங்கின. 1834இல் அது முடிந்துபோனது. ஆகவே, கொடுக்க விரும்புவதை மட்டும் எழுதினால் போதாது. தேவை என்ன என்பதை முதலில் எழுத வேண்டும்.

தோழர்களே, நான் தினமும் செக்ரோல் எழுதுகிறவன். கம்பெனிக்குக் கொடுத்த உழைப்பு மட்டுமே அதில் ஏறும். பேரப் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டியின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? லயத்தில் இருந்தபோது குரல் கொடுத்தால் பக்கத்து வீடு ஓடிவரும். இன்று பலர் தாமான் வீடுகளில், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கிறார்கள். மலாக்கா மருத்துவமனைக்குத் துணையின்றி, சிகிச்சை நாளையே தவறவிடும் முதியவர்கள் நம்மிடையே உண்டு.

ஆகவே கிளையில் ஒரு நேர ஏடு திறப்போம். மோட்டார் வைத்திருக்கும் தம்பி பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும். அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரட்டும். அந்தப் பிள்ளைகளின் தாய் தம்பியின் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கட்டும். ஒரு வெள்ளியும் கைமாறாமல் மூன்று வீட்டு வேலை முடியும்.

விதிகள் நான்கு போதும். யார் செய்தாலும் ஒரு மணி ஒரு மணியே. பத்து மணிக்கு மேல் எவரும் கடன்படக் கூடாது. மாதந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். நேரத்தைக் காசுக்கு விற்கக் கூடாது.

"உதவிக்குக் கணக்கா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாவு வீட்டுக்கும் திடீர் நோய்க்கும் ஓடுவதற்குக் கணக்கில்லை. அது மனிதக் கடமை. ஆனால், கேட்கக் கூச்சப்பட்டு வாடுகிறவர்கள், "நானும் கொடுத்திருக்கிறேன்" என்று தலைநிமிர்ந்து கேட்க இந்த ஏடு உதவும்.

இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். ஆதரிப்போர் கையை உயர்த்துங்கள். உயர்த்தும்போதே, வாரத்தில் எத்தனை மணி தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏட்டின் முதல் பக்கத்தை இன்றே எழுதிவிடுவோம்.