குல்கர்ணியும் நம் ஊர்க் கர்ணமும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் புனேயில் குடியேறி நாற்பது வருஷமாகிறது. எங்கள் குடியிருப்பின் பெயர்ப் பலகையைப் படித்தால் பழைய தாலுகா கச்சேரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். குல்கர்ணி, தேஷ்பாண்டே, பாட்டீல், சிட்னிஸ்! ஆட்கள் வங்கியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இருக்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் பழைய உத்தியோகத்திலேயே இருக்கிறது.

இவற்றில் குல்கர்ணி நமக்குக் கிட்டத்தட்ட பங்காளி. மராத்தியில் 'குள்' என்றால் நிலத்தை உழும் குடியானவர். 'கரணி' என்பவர் கணக்கு எழுதுகிறவர். நம் ஊர்க் கர்ணமும், சோழர் கல்வெட்டுகளில் வரும் 'கரணத்தானும்' அதே சொல்லிலிருந்து வந்தவர்கள்தான். பாட்டீல் ஊர்த் தலைவர், குல்கர்ணி ஊர்க் கணக்கர். அதற்கு மேலே பர்கணா அளவில் தேஷ்முக், தேஷ்பாண்டே.

நாட்டுக்கே கணக்கு எழுதியவர் நாட்கர்ணி. 1964 ஜனவரியில் சென்னை டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நாட்கர்ணி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டாரே, நினைவிருக்கிறதா? 32 ஓவரில் 5 ரன். கணக்கப்பிள்ளை வம்சம் அல்லவா, கை சுலபத்தில் திறக்குமா!

சரி, உத்தியோகம் எப்படிக் குடும்பப் பெயராயிற்று? காரணம் 'வதன்' என்ற பரம்பரை உரிமை. இனாம் நிலமும் தானியப் பங்கும் அதற்குச் சம்பளம். அதைச் சொத்து போலப் பாகம் பிரிக்கலாம், விற்கவும் செய்யலாம். நான்கு சகோதரர்கள் இருந்தால் முறை வைத்துக் கணக்கு எழுதுவார்கள். யார் எழுதினாலும் பாத்தியதை நால்வருக்கும் உண்டு. பெயரும் நால்வருக்கும் உண்டு. இப்படித்தான் அந்தப் பெயர் மராட்டிய தேசத்திலிருந்து தார்வாட், பெல்காம் பக்கமெல்லாம் பரவியது. பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்னவிஸின் குடும்பப் பெயர் உண்மையில் பானு. உத்தியோகம் அதை விழுங்கிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எழுதத் தெரியாத ஊரில் ஏடு ஒருவர் கையிலேயே இருந்தது. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி பாக்கி என்பதெல்லாம் அவர் எழுதினதுதான். மகாத்மா ஜோதிராவ் புலே குல்கர்ணிகளைக் கடுமையாகச் சாடினார். அதைப் படிக்கும்போது நம்மில் பலருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் குடியானவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால் அதில் பொய்யில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 1918ல் கோலாப்பூர் சாஹு மகாராஜா தம் ராஜ்யத்தில் குல்கர்ணி வதனை எடுத்துவிட்டுச் சம்பளத்துக்குத் தலாட்டிகளை நியமித்தார். பம்பாய் மாகாணத்தில் 1950ல் சட்டம் போட்டே ஒழித்தார்கள்.

தமிழ்நாட்டில் கர்ணம் பதவி 1980 வரை நீடித்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது போய், பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இங்கே பதவி போனபின்னும் பெயர் தங்கியது. அங்கே பதவியோடு பெயரும் போயிற்று. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தே போதுமானதாக இருந்ததுதான் காரணம். என் பெரியப்பாவைக் 'கர்ணம் மாமா' என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவர் பிள்ளைகளில் ஒருவர் பெயரிலும் அது இல்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். 'ஐயர்' என்று எழுதினோம். பெரியப்பா செய்த வேலை அதில் எங்கே இருக்கிறது?

அதனால் ஒரு வேண்டுகோள். டெல்லி, கல்கத்தா, நாக்பூர் என்று எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் வீட்டுப் பரணில் அடங்கல், சிட்டா நகல்களோ கணக்குச் சுவடிகளோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எந்தக் கிராமம், யார் எழுதியது, எந்த வருஷம் என்று குறித்து நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.